வாசகர் கேள்வி–பதில்: ஐம்பது வயதில் கைபேசி பழகுதல்

கடந்த சில மாதங்களாக மும்பையின் பல பகுதிகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அரிக்கேன் விளக்கிலும் பஞ்சாயத்து வானொலியிலும் வளர்ந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கைபேசிக்கும் இணையத்துக்கும் வந்து சேர்ந்தவர்களின் கவலை அது. நானும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 51. விழுப்புரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தேன். எங்கள் வீட்டுக்கு மின்விளக்கு வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது கைபேசியில் ஏதாவது புரியாமல் மகனிடம் கேட்டால், அதை என் கையிலிருந்து வாங்கி நான்கு நொடியில் செய்து முடித்து, “இவ்வளவுதான் அம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மறுநாள் அதையே மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. “நேற்றுதானே சொன்னேன்” என்று சலித்துக்கொள்கிறான். எனக்கு அறிவு மங்கிவிட்டதா, அம்மா? — இல்லத்தரசி, செம்பூர்

பதில்: உங்கள் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, சகோதரி. நேற்று அந்தத் திரையைத் தொட்டது யாருடைய விரல் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். மகனுடைய விரல் தொட்டது. ஆகவே ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அது இன்னொரு முறை பழகிக்கொண்டது. மார்கழி மாதத்தில் அம்மா கோலமிடுவதை நாம் பல ஆண்டுகள் அருகில் நின்று பார்த்திருக்கிறோம். ஆனாலும் மாவை விரலிடுக்கில் எடுத்து, புள்ளிகளைச் சுற்றி நாமே இழை இழுத்து, இரண்டு மூன்று நாள் வாசலை அழித்து அழித்துப் போட்ட பிறகுதான் அது நமக்கு வந்தது. செய்முறையாகக் கற்க வேண்டிய எதுவும் கண்ணால் மட்டும் உள்ளே போவதில்லை. உங்கள் மகன் அன்பில் குறைந்தவர் அல்லர். வேலையை முடித்துக்கொடுப்பதையே கற்றுக்கொடுப்பது என்று அவர் நினைக்கிறார்.

நம் தலைமுறைக்கு இன்னொரு தடையும் உண்டு. நாம் சிறுமிகளாக இருந்தபோது வானொலிப் பெட்டி என்பது தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் இருந்தது. அதை வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருந்தது. அதன் மேல் ஒரு பூத்துணி போர்த்தியிருக்கும். அதைத் திருகும் உரிமை அப்பாவுக்கோ மாமாவுக்கோ மட்டுமே இருக்கும். இயந்திரங்களைப் பற்றி நாம் கற்ற முதல் பாடம் “தொடாதே” என்பதுதான். அதிலும் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இரண்டு மடங்கு அழுத்தமாகச் சொல்லப்பட்டது. இன்றைய பிள்ளைகளோ தொட்டுத் தொட்டே கைபேசியைக் கற்றவர்கள்; தவறாகத் தொட்டால் பின்னுக்கு வந்துவிடலாம் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்தவர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த அச்சம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகையால் எதைத் தொட்டால் திரும்ப வர முடியும், எதைத் தொட்டால் முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பணம் அனுப்புவது, ஒன்றை நிரந்தரமாக அழிப்பது, ஒரு செயலி கேட்கும் அனுமதிக்குச் சம்மதிப்பது ஆகிய மூன்றிலும் நிதானம் வேண்டும். மற்றபடி ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதாலோ, பட்டியலை மேலும் கீழும் நகர்த்துவதாலோ, பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்துவதாலோ எதுவும் கெட்டுவிடாது.

ஒரு பழைய நினைவு. தென்காசிப் பக்கத்தில் எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு நான்தான் கடிதம் எழுதிக்கொடுப்பேன். அவர்களுடைய மகன்கள் பம்பாயிலும் தூத்துக்குடியிலும் வேலை பார்த்தார்கள். பாட்டி சொல்லச் சொல்ல நீலநிற இன்லாண்டு தாளில் எழுதி, முடித்ததும் ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். பல நேரங்களில் பாட்டி எதையோ சொல்ல வாயெடுப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, எல்லோரும் நலம்னு எழுதிடு” என்று முடித்துவிடுவார். மருமகளைப் பற்றியோ, உடம்பில் இருந்த நோயைப் பற்றியோ, வாங்கிய கடனைப் பற்றியோ அவர் சொல்ல நினைத்திருக்கலாம். இப்போது உங்கள் மருத்துவப் பரிசோதனை முடிவும் வங்கி இருப்பும் உங்கள் தங்கையின் அந்தரங்கமான செய்தியும் அந்தக் கைபேசியில்தான் வருகின்றன. அவற்றை மகன் வழியாக மட்டுமே பார்க்க முடியும் என்றால் நீங்களும் அந்தப் பாட்டியின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த நிலை மாறாது.

இன்று மாலை மகனை அருகில் உட்காரவைத்து, “நீ வாயால் மட்டும் சொல், தொடுவது நானாக இருக்கட்டும்” என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செயல் போதும். ஆனால் அதே அமர்வில் மூன்று முறை செய்யுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் சொற்களிலேயே எழுதிவையுங்கள். நான் 43 வயதில் மின்னஞ்சல் பழகியபோது என் நோட்டில் “காகித விமானம் போன்ற படம் — அனுப்பு” என்றுதான் எழுதிவைத்தேன். பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதிவைப்பதைவிட அது எப்படித் தோன்றுகிறது என்று எழுதிவைப்பது நல்லது. ஏனென்றால் செயலியைப் புதுப்பிக்கும்போது இடங்கள் மாறிவிடும். பூதக்கண்ணாடி தேடுவதற்கு, பல்சக்கரம் அமைப்புகளை மாற்றுவதற்கு, மூன்று புள்ளிகளோ மூன்று கோடுகளோ மறைந்திருக்கும் பட்டியலைத் திறப்பதற்கு என்பன போன்ற ஏழெட்டு அடையாளங்கள் ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் ஒன்றுபோலவே வருகின்றன. அவை தெரிந்துவிட்டால் புதிய செயலி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகச் சமையல் வேலை செய்கிறேன். நான் தொட்டால் கைபேசித் திரை கேட்பதில்லை. என் மகள் தொட்டால் உடனே கேட்கிறது. எழுத்துகளும் மங்கலாகத் தெரிகின்றன. புதிய கைபேசி வாங்க வேண்டுமா? — வாசகர், முலுண்டு

பதில்: வாங்க வேண்டியதில்லை. கைபேசித் திரை விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. நம் தோல் வழியாகக் கடத்தப்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தைத்தான் அறிகிறது. அடுப்பிலும் தண்ணீரிலும் உழைத்துக் காய்த்துப்போன, உலர்ந்த விரல் நுனியை அது சரியாக உணராமல் போகலாம். நுனிக்குப் பதிலாக விரலின் சதைப்பற்றுள்ள பகுதியால் மெதுவாகத் தொடுங்கள். கையில் சிறிது எண்ணெயோ களிம்போ தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். திரையின் மேல் ஒட்டியிருக்கும் பழைய கண்ணாடித்தாள் கீறல் விழுந்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் தொடுபேனாவும் உதவும்.

எழுத்து மங்கலாகத் தெரிவது வெள்ளெழுத்தாக இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் அருகிலுள்ள எழுத்துகள் கலங்கித் தெரியும். இது ஏறக்குறைய எல்லோருக்கும் வருவதுதான். தனக்குக் கைபேசி புரியவில்லை என்று என்னிடம் சொன்ன பலருக்கு உண்மையில் கைபேசி தெரியவில்லை என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். கைபேசியின் அமைப்புகளில் எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 46. திருநெல்வேலி மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கடையில் க்யூஆர் அட்டை ஒட்டியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வாடிக்கையாளர் கைபேசியைக் காட்டி “அனுப்பிவிட்டேன்” என்கிறார். இரவு கணக்குப் பார்த்தால் குறைகிறது. ஒரு நாள் நான் மொத்த வியாபாரிக்கு அனுப்பிய 4,200 ரூபாய் என் கணக்கில் கழிந்துவிட்டது. அவரோ வரவில்லை என்றார். அந்தப் பணம் எங்கேதான் போகிறது? — கடைக்காரர், தாராவி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது, அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகத் தெளிந்துவிடும். கைபேசிக்குள் பணம் இல்லை. பணம் வங்கியில்தான் இருக்கிறது. கைபேசி ஒரு கட்டளையை மட்டும் அனுப்புகிறது. நாம் ரகசிய எண்ணைப் போட்டதும் அந்தக் கட்டளை, யூபிஐ என்ற பொதுவழியில் நம் வங்கிக்குச் சென்று, நம் கணக்கில் கழிக்கச் சொல்லி, பெறுபவரின் வங்கிக்குச் சென்று அவர் கணக்கில் வரவு வைக்கச் சொல்கிறது. இந்தப் பொதுவழியை நடத்தும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் தலைமையகம் நம் மும்பையில்தான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் யூபிஐ தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது சில்லறைக்குத் தவித்த கடைகளுக்குள் அது நுழையத் தொடங்கியது. உங்கள் கடையும் அந்த நாட்களில் தவித்திருக்கும்.

சில நேரங்களில் இரண்டு வங்கிகளுக்கு நடுவில் அந்தக் கட்டளை நின்றுவிடும். உங்களிடம் கழிந்து, எதிரில் வரவு ஆகாமல் போவது அப்போதுதான். இதற்கு ரிசர்வ் வங்கி 2019இல் காலவரையறை வகுத்திருக்கிறது. தனி ஒருவருக்கு அனுப்பிய பணம் வரவாகாவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதைத் தாளில் குறித்துக்கொண்டு வங்கிக்குச் செல்லுங்கள். பதறிப்போய் உடனே இரண்டாம் முறை அனுப்பிவிடாதீர்கள். முதலில் அனுப்பியதும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டால், கூடுதலாகச் சென்றதைக் கேட்டு வாங்கும் பாடு உங்களுடையதாகும்.

வாடிக்கையாளர் காட்டும் திரை அவர் சொல்லும் சொல்தான். பணம் செலுத்தியதுபோல் படம் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. நேற்று வேறு கடையில் செலுத்தியதன் படத்தையே காட்டுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வங்கி உங்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியையோ, கடையில் வைக்கும் சவுண்ட் பாக்ஸின் குரலையோ மட்டும் நம்புங்கள். “வந்ததும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா” என்று பணிவாகச் சொன்னால் நேர்மையான வாடிக்கையாளர் எவரும் கோபிக்க மாட்டார். காலையில் கடை திறந்ததும் வீட்டிலுள்ளவரின் கைபேசியிலிருந்து உங்கள் அட்டைக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இரவில் ஒருவர் தன் அட்டையை உங்கள் அட்டையின் மேல் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த ஒரு ரூபாய் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை மட்டும் கல்லாப்பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த எண் நம் கணக்கிலிருந்து பணம் கொடுப்பதற்குத்தான். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சேமிப்பை வேறு கணக்கில் வைத்திருங்கள். பெரும்பாலான பணச் செயலிகளைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்குத் தாராளமாகப் போதும். உங்கள் பற்று வரவு நோட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதில் கைபேசி வரவுக்கென்று ஒரு பத்தி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1989இல் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சு லோயர் தேறி மும்பைக்கு வந்தேன். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது என் ஊரைப் பற்றித் தமிழில் எழுத ஆசை. பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒவ்வவில்லை. — வாசகி, டோம்பிவிலி

பதில்: உங்களுக்கு ஒவ்வாதது நியாயமே. ழகரமும் ளகரமும் லகரமும் ஓரெழுத்தில் கலந்துகிடக்கும் எழுத்தில் ஊரை எப்படி எழுதுவது? எனக்கும் இதே பின்னணிதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. கைபேசித் திரையில் தோன்றும் ஆங்கில விசைப்பலகையின் வரிசை, 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப்பொறியின் வரிசையிலிருந்து வந்ததே. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பழகிய அதே ஏ, எஸ், டி, எஃப் வரிசை இன்னமும் அங்கேயே இருக்கிறது. இன்றைய இளைஞர்கள் பலர் இரண்டு கட்டைவிரல்களால் தேடித் தேடி அடிக்கும்போது, ஒரு கணினி விசைப்பலகையின் முன் உங்களை உட்காரவைத்தால் பத்து விரல்களும் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். நம் காலத்தில் தென்னாட்டிலிருந்து பம்பாய்க்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தட்டச்சுச் சான்றிதழ் ஒன்றை மட்டுமே மூலதனமாகக் கொண்டு வந்தார்கள்; அந்த மூலதனம் இன்னும் செல்லுபடியாகிறது.

தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப்பொறியில் ‘கெ’ என்று அடிக்க, முதலில் கொம்பை அடித்துவிட்டுப் பிறகு ககரத்தை அடிப்போம். தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. கணினியும் கைபேசியும் இன்று பின்பற்றும் யூனிகோடு என்ற பொது எழுத்துமுறையில் எழுத்துகள் ஒலியின் வரிசைப்படி சேமிக்கப்படுகின்றன: முதலில் ககரம், பிறகு எகரத்தின் குறி. பழைய கைப்பழக்கம் முதல் சில வாரங்கள் இந்த ஓரிடத்தில் தடுக்கும். மனம் தளர வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். தட்டச்சு பயின்றவருக்கு அது மிகவும் இணக்கமானது. அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளை அடித்தால் ‘அம்மா’ என்று வந்துவிடும். நடுவிலுள்ள புள்ளியை அது தானாக வைத்துக்கொள்கிறது. முதல் முறை அந்தச் சொல் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கைபேசியில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. நம் ஊர்ப் பேச்சைவிட நிறுத்தி நிதானமாகப் பேசும் தமிழை அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஊர்ப்பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் அடிக்கடி தவறாக எழுதும், அவற்றைத் திருத்திவிடுங்கள். முதல் வரைவைப் பேசி எழுதவைத்து, பிறகு விசையால் செப்பம் செய்வது என் வழக்கம். எழுதியதை இந்த இதழுக்கு அனுப்புங்கள்; காத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு வாரங்களுக்கு முன் காவல்துறைச் சீருடையில் ஒருவர் காணொளி அழைப்பில் வந்தார். என் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டிருப்பதாகவும், நான் டிஜிட்டல் கைதில் இருப்பதாகவும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் ஆறு மணி நேரம் திரை முன்னாலேயே உட்காரவைத்தார். 1,80,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். பிள்ளைகளிடம் சொன்னபோது, “இத்தனை படித்தும் இப்படியா?” என்றார்கள். வெட்கத்தால் இன்னும் புகார் கொடுக்கவில்லை. — வாசகர், மாதுங்கா

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண். அதோடு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவுசெய்து, உங்கள் வங்கியிலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன் முடக்கிவைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு வாரங்கள் கழிந்த நிலையில் அந்த வாய்ப்பு குறைவுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் உங்கள் புகாரிலுள்ள கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் வேறு பலரின் புகார்களோடு சேரும்போதுதான் விசாரணைக்கு வழி கிடைக்கும். அழைப்பு வந்த நேரம், எண், பணம் சென்ற கணக்கு, திரையில் எடுத்த படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

காணொளி அழைப்பின் மூலம் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. எந்தக் காவல் அதிகாரியும், வருமானவரி அலுவலரும், நீதிபதியும் கைபேசியில் பணம் கேட்பதில்லை. 2024 அக்டோபர் 27ஆம் தேதி பிரதமர் தம் வானொலி உரையில் இந்த மோசடியைப் பற்றியே பேசி, நில், யோசி, நடவடிக்கை எடு என்று மூன்று படிகளைச் சொன்னார். நாட்டின் பிரதமரே பேச வேண்டிய அளவுக்குப் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தலைமுறை இதில் எளிதாக அகப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் தந்தி என்று சைக்கிள்காரர் வாசலில் நின்றாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது; அந்த நடுக்கம் நம்மைவிட்டு நிற்கவில்லை. அரசு முத்திரையோடு அவசரமாக வருவது எதுவாயினும் உண்மை என்றும், அதற்கு உடனே கட்டுப்பட வேண்டும் என்றும் நாம் வளர்க்கப்பட்டோம். அந்தக் காலத்தில் அது சரியான பழக்கமாகவே இருந்தது. ஏனென்றால் பொய்த் தந்தி கொடுக்க யாருக்கும் எளிதில் வழியில்லை. சீருடை தைத்து, முத்திரை வரைந்து, பின்னால் அலுவலகத் திரை கட்டிக்கொண்டு எவரும் நம் கூடத்துக்குள் வந்துவிடக்கூடிய காலத்தில் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

“யாரிடமும் சொல்லாதே” என்ற சொல் காதில் விழுந்ததும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்த அறைக்குச் சென்று சொல்லுங்கள். வீட்டில் எவரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மாதுங்காவில் தமிழ் பேசும் கதவு ஒன்று அருகில் இல்லாமல் போகாது. உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அப்பாவைத் திட்டினால், அடுத்த முறை இதுபோல் நேரும்போது அவர் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். பணத்தைவிடப் பெரிய இழப்பு அது. 1930க்கு அழைக்கும்போது அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: கைபேசி நன்றாகவே பழகிவிட்டேன். ஆனாலும் லோக்கல் ரயில் சீசன் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் நின்றுதான் வாங்குகிறேன். வங்கிப் புத்தகத்தில் பதிவுபோட்டுக்கொள்கிறேன். தொலைபேசி எண்களைக் குட்டி நோட்டில் எழுதிவைக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் பழங்காலத்து ஆள் என்கிறார்கள். இவற்றை விட்டுவிட வேண்டுமா? — வாசகி, சயான்

பதில்: எதையும் விட வேண்டாம், அம்மா. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மும்பையில் கைபேசி இணைப்புகள் செயலிழந்தன. நான் அன்று இடுப்பளவு தண்ணீரில் குர்லா வரை நடந்து, ஒரு வீட்டின் தொலைபேசியிலிருந்து என் கணவரின் அலுவலகத்தை அழைத்தேன்; எண் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் மட்டுமே அது முடிந்தது. 2020 அக்டோபர் 12ஆம் தேதி நகரம் முழுதும் மின்சாரம் போய் ரயில்கள் நடுவழியில் நின்றபோதும் பலருக்கு மின்னூட்டம் தீர்ந்த கைபேசிதான் கையில் இருந்தது.

சீசன் டிக்கெட்டைக் கைபேசியில் எடுத்தால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். உங்களுக்கு வசதிப்பட்டால் ஒரு மாதம் அப்படி எடுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் கவுன்ட்டர் இருக்கவே இருக்கிறது. அந்தக் குட்டி நோட்டை மட்டும் கைப்பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: இன்று இரவு சாப்பிட உட்காரும்போது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் மற்ற இருவரின் எண்களைக் கைபேசியைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்கள் நாளை காலைக்குள் மனப்பாடம் செய்துவிடட்டும்.